குள்ளநரி திருடக்கூடாது: பொம்மைப் படத்து வசனம் மலையேறின கதை

பொம்மைப் படத்துல வர்ற ஒரு வரி எப்படி ஒரு தலைமுறையோட வாய்ல போய் உக்காந்துக்குதுன்னு கேட்டா, "அது செம காமெடியா இருக்கும்ல, அதான்"னு சொல்லிருவாங்க. எனக்கு அது ஒப்பல. டோரா கார்ட்டூன்ல திருட வர்ற நரிய பாத்து சொல்ற "குள்ளநரி திருடக்கூடாது"ல எந்த வார்த்தைல காமெடி இருக்கு சொல்லுங்க. ஆத்திசூடில சேத்துவிட்டா கூட யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க, அந்தளவுக்கு நல்லபுள்ள வரி. ஆனா கொடைக்கானல்ல சில்வர் காஸ்கேட் பக்கம் டூரிஸ்ட் வண்டிய ஓரங்கட்டி சிப்ஸ் பாக்கெட்ட பிரிச்ச அடுத்த நிமிஷம் குரங்கு வந்து புடுங்கிட்டு ஓடும், அப்ப வண்டிக்குள்ள இருந்து யாராவது ஒரு காலேஜ் பையன் கைய நீட்டி இத மூணு தடவை சொல்லுவான், மொத்த வண்டியும் விழுந்து விழுந்து சிரிக்கும். குரங்கு கேக்காது, அது வேற விஷயம்.

சினிமா பஞ்ச் டயலாக்கும் இதுவும் ஒண்ணுதான்னு நெனைக்கறவங்க இருக்காங்க. ரெண்டும் வேலை செய்யற விதமே வேற. ஹீரோ பஞ்ச் எதிர்பாக்காத நேரத்துல வரணும், வந்ததும் விசில் பறக்கணும். கார்ட்டூன் வரி அப்படியே தலைகீழ், எப்ப வரும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். எபிசோடுக்கு எபிசோடு அதே இடம், அதே ராகம், அதே மூஞ்சி. அஞ்சு வயசு புள்ளைக்கு எதுவுமே முன்கூட்டி தெரியாது, அம்மா எப்ப திட்டும், மிஸ் எப்ப எழுப்பி கேள்வி கேக்கும், கரண்ட் எப்ப போகும், ஒண்ணும் தெரியாது, ஆனா இந்த வரி இப்ப வரப்போகுதுன்னு மட்டும் கரெக்டா தெரியும், வந்ததும் "பாத்தியா, நான் சொன்னேன்ல"ன்னு ஒரு கெத்து. அதனால என் கட்சி இதான்: இந்த வரிகள நம்ம நாக்குல ஒட்ட வச்சதுல எழுதுனவங்களோட தெறமைக்கு பங்கு கம்மி. ஒரே வரி திரும்பத் திரும்ப வந்துச்சு, அத ஒரு கூட்டம் ஒரே நேரத்துல உக்காந்து பாத்துச்சு, இது ரெண்டும்தான் காரணம். திரும்பத் திரும்ப வந்ததுக்கும் பாதி இடத்துல காரணம் காசு, கலை இல்ல.

ஆரம்பத்துல இருந்து வருவோம். அமெரிக்காவுல டிவிக்கு முன்னாடி ரேடியோதான் ராஜா. ரேடியோ காமெடில ஆள் மூஞ்சி தெரியாது, அதனால ஒவ்வொரு கேரக்டருக்கும் ஒரு அடையாள வரி வேணும், கதவு தட்டுற சத்தம் கேட்டதும் அந்த வரி வந்தா யார் வந்துருக்காங்கன்னு கேக்கறவனுக்கு புரிஞ்சிரும். அந்த ரேடியோ உலகத்துல இருந்து கார்ட்டூனுக்கு வந்தவர்தான் மெல் பிளாங்க், பக்ஸ் பன்னி, டாஃபி டக், போர்க்கி பிக்னு ஒரு பெரிய பட்டாளத்துக்கே ஒத்த ஆளா குரல் குடுத்தவரு. 1940ல டெக்ஸ் ஏவரி டைரக்ட் பண்ண ஒரு குறும்படத்துல துப்பாக்கியோட நிக்கற வேட்டைக்காரன் முன்னாடி முயல் பக்ஸ் பன்னி வளைய விட்டு வெளிய வருது, பயந்து ஓடும்னு தியேட்டர்ல இருக்கறவன் நெனைச்சிட்டு இருக்கான், அது என்னடான்னா கேரட்ட கடிச்சுகிட்டே "வாட்ஸ் அப் டாக்?"னு கேக்குது, அதாவது என்ன டாக்டரே விசேஷம்ங்கற மாதிரி. இது ஏவரி உக்காந்து யோசிச்சு எழுதுன வரி கூட கெடையாது, டெக்சாஸ்ல அவரு படிச்ச காலத்துல பசங்க ஒருத்தன ஒருத்தன் அப்படித்தான் கூப்புட்டுக்குவாங்களாம். தியேட்டர் குலுங்குனதும்தான் அடுத்தடுத்த படத்துலயும் போடுவோம்னு முடிவு பண்ணாங்க. கேரட் கடிக்கற ஸ்டைல கூட 1934ல வந்த ஒரு படத்துல கிளார்க் கேபிள் கேரட் கடிச்சுகிட்டே வளவளன்னு பேசற சீன்ல இருந்து எடுத்ததுதான். எங்க கொடைக்கானல் மலைல மன்னவனூர், பூம்பாறை பக்கம் வயல்ல புடுங்கி, ஓடைல அலசி, அப்படியே கடிச்சு வளந்த எங்காளுங்களுக்கு இதுல எந்த ஸ்டைலும் தெரியாது, அது பசிக்கு சாப்புடறது.

போர்க்கி பிக் திக்கித் திக்கி சொல்ற "தட்ஸ் ஆல் ஃபோக்ஸ்" இருக்குல்ல, மெல் பிளாங்க் 1989ல எறந்தப்ப அவரு கல்லறைல அதத்தான் செதுக்கி வச்சாங்க. ஒரு மனுஷன் கடைசியா சொல்ற வார்த்தையா ஒரு பன்னியோட வசனத்த போட்டுக்க தைரியம் வேணும்.

வார்த்தையே இல்லாத வரிகளும் உண்டு, எனக்கு ரொம்ப புடிச்சது ரோட் ரன்னரோட "பீப் பீப்". 1949ல சக் ஜோன்ஸ் அந்தப் பறவைய படமாக்குறப்ப அதுக்கு என்ன சத்தம் வைக்கறதுன்னு தெரியல, ஸ்டூடியோல பேக்ரவுண்ட் வரையற பால் ஜூலியன் பெரிய பெரிய ஓவியத்த ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வராண்டால வருவாரு, எதுக்க வர்றவங்க தெரியாது, அதனால வாயாலயே ஹாரன் அடிச்சுகிட்டு வருவாராம். அந்த சத்தத்தையே, அந்த ஆள் குரல்லயே எடுத்துகிட்டாங்க. வத்தலக்குண்டுல இருந்து மேல ஏறுற லாஸ் காட் ரோட்டுல கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு பஸ் டிரைவர் அண்ணன் அடிக்கற ஹாரன் மாதிரியேதான் இதுவும், எதுக்க யார் இருக்கான்னு தெரியாது, ஆனா நான் வர்றேன், ஒதுங்கிக்க. அந்தப் பறவைய தொரத்தற கோயோட்டிக்கு, அதாவது அந்த ஓநாய் ஜாதி மிருகத்துக்கு மட்டும் ஒதுங்கத் தெரியாது.

இதெல்லாம் தியேட்டருக்கு எடுத்த கார்ட்டூன், காசு இருந்துச்சு, நேரம் இருந்துச்சு, வரி இல்லாட்டியும் படம் நிக்கும். டிவி வந்ததும்தான் கதை மாறுச்சு. டாம் அண்ட் ஜெர்ரி எடுத்துட்டு இருந்த வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் 1957ல எம்ஜிஎம் சினிமா கம்பெனி தன் கார்ட்டூன் பிரிவ இழுத்து மூடுனதும் ரோட்டுக்கு வந்துட்டாங்க. சொந்தமா கம்பெனி ஆரம்பிச்சு டிவிக்கு போனா அங்க குடுக்கற பட்ஜெட் ஒரு சின்ன கார்ட்டூனுக்கு 3,000 டாலர் சுத்துவட்டாரம், முன்னாடி ஒரு டாம் அண்ட் ஜெர்ரிக்கு அதப் போல பத்து மடங்குக்கு மேல செலவு பண்ணிட்டு இருந்தவங்க. என்ன பண்ணாங்க? படம் வரையறத கொறைச்சாங்க. அவங்க டிவிக்கு எடுத்த யோகி பேர்ங்கற கரடி கழுத்துல காலரும் டையும் ஏன் இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? கரடிக்கு என்ன ஆபீசா? காலர் இருந்தா தலைய மட்டும் தனியா வரைஞ்சு ஆட்டலாம், ஒடம்ப திரும்ப வரைய வேணாம், அவ்ளோதான் ரகசியம். படம் அசையாதப்ப ஆள உக்கார வைக்கறது யாரு? குரல்தான். சக் ஜோன்ஸ் இத நக்கலா "படம் போட்ட ரேடியோ"ன்னு சொன்னாரு. நக்கல்னாலும் உண்மை, ரேடியோல இருந்து கழட்டி விட்ட அடையாள வரி டிவி வழியா திரும்பி வந்துச்சு. நான் சாதா கரடி இல்ல, அதவிட புத்திசாலின்னு யோகி பீத்திக்கறது, 1960ல ஃபிரெட் ஃபிளின்ட்ஸ்டோன் கத்துன "யாபா டாபா டூ" எல்லாம் அப்படி வந்ததுதான். ஃபிரெட்டுக்கு ஸ்கிரிப்ட்ல வெறும் "யாஹூ"ன்னுதான் இருந்துச்சாம், குரல் குடுத்த ஆலன் ரீட் மாத்திக்கலாமான்னு கேட்டு இத சொல்லிருக்காரு, அதுக்கு மூலம் அவங்கம்மா அடிக்கடி சொல்ற, கொஞ்சூண்டு வச்சாலே போதும்ங்கற ஒரு விளம்பர வரி. எந்த விளம்பரம் தெரியுமா? நம்ம தாத்தாமாருங்க தலைல தேச்சு படிய வாரிட்டு போன அதே பிரில்கிரீம்.

80கள்ல காசு இன்னொரு பக்கம் இருந்து வந்துச்சு. 1982ல மேட்டல் கம்பெனி ஹீ-மேன் பொம்மைய கடைல எறக்கிட்டு 1983ல அதுக்கு கார்ட்டூன் வந்துச்சு, அதாவது மொதல்ல பொம்மை, அப்பறம்தான் கதை. வாள தூக்கி சக்தி என்கிட்ட இருக்குன்னு அவன் கத்தற சீன் ஒரே ஒரு தடவை வரைஞ்சது, அதையே எபிசோடுக்கு எபிசோடு ஒட்டுவாங்க. புள்ளைங்களுக்கு அது கோயில்ல தீபாராதனை பாக்கற நேரம், தயாரிப்பாளருக்கு அரை நிமிஷம் மிச்சம். கடைல அந்த பிளாஸ்டிக் வாள எடுத்த புள்ளை தானாவே அந்த வரிய கத்தும், வெளம்பரமும் மிச்சம்.

இங்க ஒரு சின்ன தாவல். சிம்ப்சன்ஸ் கார்ட்டூன்ல வர்ற அப்பா ஹோமர் சிம்ப்சன் தலைல அடிச்சுகிட்டு "டோ!"ன்னு சொல்றது 2001ல ஆக்ஸ்ஃபோர்டு டிக்ஷனரிக்குள்ள போயிருச்சு. ஸ்கிரிப்ட்ல அந்த எடத்துல வார்த்தையே இருக்காது, எரிச்சலா முனகுன்னுதான் எழுதிருப்பாங்க. குரல் குடுத்த டான் காஸ்டலனேட்டா பழைய லாரல் ஹார்டி படத்துல ஜேம்ஸ் ஃபின்லேசன்னு ஒரு நடிகர் இழுத்து முனகுறத எடுத்து போட்டாரு, சீரியல உருவாக்குன மேட் கிரோனிங் இவ்ளோ நீளம் வேணாம் சுருக்கிக்கன்னாரு. அதே சீரியல் 1994ல ஒரு எபிசோடுல ஹோமரோட பையன் பார்ட் ஒரு வரிய உளறி ஒரே நாள்ல ஃபேமஸாகி, அந்த வரிய மட்டுமே சொல்லச் சொல்லி எல்லாரும் உயிர எடுத்து, கடைசில யாருமே சிரிக்காம விட்டுர்ற மாதிரி காட்டி தங்களையே கலாய்ச்சுகிட்டாங்க. வரி கேரக்டர முழுங்கிரும்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு.

நம்ம பக்கம் வருவோம். தமிழ்ல அச்சுல வந்த கார்ட்டூன் ஆளுங்க வசனத்தால இல்ல, பேராலதான் வீட்டுக்குள்ள வந்தாங்க. ஆனந்த விகடன்ல மதன் வரைஞ்ச ரெட்டைவால் ரெங்குடு, முன்ஜாக்கிரதை முத்தண்ணா எல்லாம் அப்படித்தான், வெயில் அடிக்கறப்பயே கொடைய தூக்கிட்டு கெளம்பற மாமாவ பாத்து "வந்துட்டாருடா முத்தண்ணா"ன்னு சொன்னா எங்கம்மா தலைமுறைக்கு வெளக்கமே வேணாம். (கொடைக்கானல்ல அது முன்ஜாக்கிரதை இல்ல, சாதாரண புத்தி, மதியம் ரெண்டு மணிக்கு எங்க இருந்து மழை வரும்னே தெரியாது.) திருச்சி பக்கத்து வாசகர் ஒருத்தர் எழுதி அனுப்பி டிங்கிள்ங்கற சிறுவர் பத்திரிகைல 1983ல வந்த சுப்பாண்டி இன்னைக்கும் கிளாஸ்ல ஒருத்தனுக்காவது பட்டப்பேரு. ஆனா சுப்பாண்டி என்ன வசனம் சொன்னான்னு கேளுங்க, ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. அச்சுல ராகம் கெடையாது, அதான். ராகத்துக்கு டிவி வேணும்.

டிவின்னா எங்க மலைக்கு அதுல ஒரு தனி எடம் உண்டு. 80களோட கடைசில இருந்து திண்டுக்கல், மதுரை, தேனி பக்கம் மொட்டை மாடில நிக்கற ஆன்டெனா எல்லாம் கொடைக்கானல பாத்துதான் திரும்பி நிக்கும், தூர்தர்ஷனோட டவர் இங்கதான் இருக்கு. ஞாயித்துக்கெழம காலைல மேல இருந்து எறங்குனது பூராவும் ஹிந்தி. 1993ல வந்த ஜங்கிள் புக் கார்ட்டூனோட பாட்ட ஒரு வார்த்தை புரியாம ராகம் பெசகாம பாடுன ஆளுங்க இன்னைக்கு நாப்பத தாண்டிட்டாங்க, ஹிந்தி எதிர்ப்பு பேசிகிட்டே அந்த பாட்ட முணுமுணுக்கறவங்கள நான் பாத்துருக்கேன். தமாஷ் என்னன்னா டவர் இருக்கற மலைலயே மடிப்புக்குள்ள மாட்டுன ஊர்களுக்கு படம் சரியா வராது, டிவி அலை நேர்கோட்டுல போற சமாச்சாரம், குறுக்க ஒரு முகடு நின்னா முடிஞ்சது. கீழ வத்தலக்குண்டுல பளிச்சுன்னு தெரியற படம் மேல இருக்கற மலை கிராமத்துல கொசு பறக்கும், ஒருத்தன் கூரைல ஆன்டெனாவ திருப்பணும், ஒருத்தன் கீழ இருந்து "போதும்ணே, போதும்ணே, ஐயோ போயிருச்சு"ன்னு கத்தணும்.

நெலம மாறுனது ரெண்டு விஷயம் அடுத்தடுத்து நடந்ததால. 2006ல தமிழ்நாடு அரசு இலவச கலர் டிவி குடுக்க ஆரம்பிச்சுது, 14 அங்குலம், எஸ்டேட் லயன் வீட்டுக்கும் வந்துச்சு, பூண்டு வயக்காட்டு வீட்டுக்கும் வந்துச்சு. 2007 ஏப்ரல்ல சன் குழுமம் சுட்டி டிவிய ஆரம்பிச்சுது, முழுக்க முழுக்க தமிழ்ல, புள்ளைங்களுக்குன்னே. அப்பறம் 2011ல அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்துச்சு. இந்த வரிசைய யாரும் உக்காந்து திட்டம் போடல, ஆனா பலன் என்னாச்சுன்னா சென்னைல அண்ணாநகர்ல இருக்கற புள்ளையும் பண்ணைக்காட்டுல இருக்கற புள்ளையும் வாழ்க்கைல மொத தடவையா ஒரே நேரத்துல ஒரே பொம்மைப் படத்த ஒரே தமிழ்ல பாத்தாங்க. இத நான் சின்ன விஷயமா நெனைக்கல. அதுக்கு முன்னாடி கார்ட்டூன்னா கேபிள் இருக்கற டவுன் வீட்டு புள்ளைங்க இங்கிலீஷ்ல பாக்கறது, மத்தவங்க ஜன்னல் வழியா எட்டிப் பாக்கறது.

இதுல ராணி டோராதான், டோராவின் பயணங்கள். 2000ல அமெரிக்காவுல நிக்கலோடியன் ஆரம்பிச்ச தொடர், மூலத்துல அவ இங்கிலீஷ் பேசி ஸ்பானிஷ் சொல்லிக் குடுப்பா, நம்மூர்ல தமிழ் பேசி இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தா. ஆனா டோராவோட உண்மையான கண்டுபிடிப்பு பேச்சு இல்ல, பேசாம நிக்கறது. கேள்வி கேட்டுட்டு கண்ண சிமிட்டிகிட்டு நேரா நம்மள பாத்து நிப்பா. அந்த இடைவெளி சும்மா வச்சதில்ல, 1996ல அதே சேனல்ல வந்த புளூஸ் குளூஸ்ங்கற தொடர்ல புள்ளைங்கள உக்கார வச்சு பாத்து பாத்து பழகுன வித்தை. அங்க ஒரே எபிசோட திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் அஞ்சு நாளும் போட்டாங்க, பெரியவங்களுக்கு பைத்தியம் புடிக்கும், புள்ளைங்க நாள் ஆக ஆக இன்னும் சத்தமா பதில் சொன்னாங்க. குள்ளநரி வரி இந்த இடைவெளிக்குன்னே செஞ்சது, மூணு தடவை சொல்லணும், நரி திருடறதுக்குள்ள சொல்லி முடிக்கணும், சொன்னா நிறுத்திருவான். யோசிச்சு பாருங்க, வீட்டுல ஒருத்தரும் பேச்சு கேக்காத ஒரு நாலு வயசு புள்ளை சொன்னதும் ஒரு திருடன் கைய பின்னால இழுத்துக்கறான். அதுக்கப்பறம் அந்த வரிய மறக்க முடியுமா?

பெரியவங்களுக்கு டோரா செஞ்ச சேவை வேற. பின்னாடியே மலை நிக்கும், "மலை எங்க இருக்கு?"ம்பா, கூட புஜ்ஜிங்கற குரங்கு வேற. "ஏத்தா, பின்னாடிதான நிக்குது, திரும்பிப் பாரு"ன்னு அப்பத்தாமாருங்க டிவிகிட்ட சண்டை போட்டது எங்க தெருவுல மட்டும் நடந்துருக்காது. இன்னைக்கும் எதிர்ல இருக்கறத தேடற ஆளுக்கு டோரான்னுதான் பேரு. மேப்ப நம்பி ஒத்தையடி பாதைக்குள்ள காரு விட்டுட்டு பேத்துப்பாறை எந்தப் பக்கம்னு கேக்கற டூரிஸ்ட்டுக்கு எங்க பசங்க வழிய சொல்லிட்டு, கார் நகந்ததும் தங்களுக்குள்ள சொல்லிக்கறதும் அதான்.

அப்ப இன்னொண்ணும் நடந்துட்டு இருந்துச்சு, கரண்ட் கட். 2008ல இருந்து ஒரு நாலஞ்சு வருஷம் தமிழ்நாட்டுல கரண்ட் இருந்தா நியூஸ். மலைல கேக்கவே வேணாம், ஐப்பசி கார்த்திகைல காத்தடிச்சு மரம் லைன் மேல சாஞ்சா அது தனி. டிஷ் வச்சிருந்தா மழை வலுத்ததும் சிக்னல் போயிரும், அந்த அலை மழைத்துளிலயே கரைஞ்சு போற வகை. சரியா டோரா நரிய பாத்ததும் திரை கறுப்பாகும். விட்டுருவாங்களா? மீதி எபிசோட புள்ளைங்களே நடிச்சு முடிப்பாங்க, ஒருத்தன் நரி, ஒருத்தி டோரா, குட்டித் தம்பிக்கு எப்பவும் டோரா முதுகுல மாட்டற பை வேஷம்தான். கதை யாருக்கும் முழுசா ஞாபகம் இருக்காது, அந்த நிரந்தர வரிகள்தான் கம்பு மாதிரி ஊன்றி நிக்கும், அத புடிச்சுகிட்டே கதைய ஓட்டிருவாங்க. எனக்கு தெரிஞ்சு தமிழ்ல கார்ட்டூன் வசனம் இவ்ளோ ஆழமா எறங்குனதுக்கு மின்வாரியத்துக்கும் ஒரு பங்கு இருக்கு, யாரும் அதுக்கு நன்றி சொல்லப் போறதில்ல.

ஜாக்கி சான் சாகசங்கள்ல வர்ற மாமா, அதாவது அங்கிள், இன்னொரு வகை. அவரு பேர இழுத்து "ஜாக்கிசானு..."ன்னு கூப்புடற கூப்பாடே ஒரு வசனம். ஒரு தடவை திட்டுவாரு, திரும்பி நடப்பாரு, நாலு எட்டு வச்சதும் மறுபடி வந்து இன்னும் ஒரு விஷயம்னு ஆரம்பிச்சு மறுபடி திட்டுவாரு. மூலத் தொடர் 2000ல வந்தது, ஆனா இந்த ஆள நம்ம வீட்டுக்கு யாரும் அறிமுகம் பண்ணவே வேண்டியதில்ல, போன வச்சதுக்கப்பறம் திரும்ப போன் பண்ணி "ஆங், சொல்ல மறந்துட்டேன்"ங்கற பெரியப்பா எல்லா குடும்பத்துலயும் ஒருத்தரு இருப்பாரு. அந்த மாமா கருவாட்டு மாதிரி ஒண்ண கைல வச்சு ஆட்டிகிட்டு "யூ மோ குய் குவாய் ஃபை டி சாவ்"னு ஒரு மந்திரம் சொல்லுவாரு பாருங்க, புள்ளைங்க வாய்ல அது ஆளுக்கு ஒரு தினுசா வந்துச்சு, என்ன பாஷைன்னு கூட யாருக்கும் தெரியாது. அது உளறல் இல்ல, கான்டனீஸ், பேய் பிசாசெல்லாம் சீக்கிரம் ஓடுங்கன்னு அர்த்தம். ட்யூஷன் முடிஞ்சு பனி மூட்டத்துல ஷெண்பகனூர் ரோட்டுல கும்பலா நடந்து வர்ற புள்ளைங்க பயத்துக்கு அதத்தான் கத்திகிட்டு வருவாங்க, அர்த்தம் தெரியாமயே சரியான எடத்துல சொல்லிருக்காங்க.

டப்பிங் பத்தி ஒரு வார்த்தை. நடிகர் வாய்க்கு தமிழ் பொருத்தறது கஷ்டம், கார்ட்டூன் வாய் சும்மா தொறந்து மூடும், அதனால தமிழ் எழுதறவங்களுக்கு கொஞ்சம் கை வீசிக்க எடம் கெடைக்குது. எடம் கெடைச்சும் ரொம்ப பேர் பத்திரமா பாடப்புத்தக தமிழ்தான் எழுதுனாங்க, வீட்டுல ஒருத்தரும் பேசாத தமிழ். குறைன்னு சொல்லுவாங்க, எனக்கு அது வரம். வீட்டு பேச்சுல இருந்திருந்தா வீட்டு பேச்சோட கலந்து காணாம போயிருக்கும், வேத்து தமிழா இருக்கறதாலதான் ஒருத்தன் அந்த வரிய எடுத்து விட்டதும் "ஓ, இது அது"ன்னு தனியா தெரியுது.

மொழியே வேணாம்னு ஜெயிச்சவங்களும் இருக்காங்க. டாம் அலறுவான் பாருங்க, அது வில்லியம் ஹன்னாவோட சொந்தக் குரல், மதுரைக்காரனுக்கும் மாஸ்கோகாரனுக்கும் அதே அலறல். பிகாச்சு தன் பேர மட்டுமே சொல்லும், அதனால ஜப்பான்ல இகுவே ஓட்டானி 1997ல குடுத்த குரலையே கிட்டத்தட்ட உலகம் பூராவும் வச்சுகிட்டாங்க. சீசன்ல லேக் பக்கம் இது நல்லா தெரியும். வடக்க இருந்து வர்ற புள்ளைங்களுக்கு மோட்டு பட்லுங்கற ஹிந்தி கார்ட்டூன்தான் உயிர், அந்த மோட்டு வயிறு காலியா இருந்தா மூளைல பல்பு எரியாதுன்னு சமோசா தேடற வரி ஹிந்தில ரொம்ப பிரபலம். ஏரிக்கரைல பலூன் விக்கற நம்ம தம்பிங்களுக்கு ஹிந்தி தெரியாது, ஆனா எந்த பலூன காட்டி எந்த வரிய சொன்னா எந்த ஊர் புள்ளை அழுது அடம்புடிச்சு வாங்கும்னு தெரியும்.

பத்து வருஷம் கழிச்சு இந்த வரிகளுக்கு ரெண்டாவது பொறப்பு, மீம். அதுக்குள்ள வடிவேலு டயலாக் அந்த எடத்த மொத்தமா பட்டா போட்டு வச்சிருந்துச்சு, 2019ல நேசமணிக்காக உலகமே ஹாஷ்டேக் போட்ட கதைய எல்லாரும் பாத்தோம். ஆனா வடிவேலு வரி அடி வாங்குனவன் சொல்றது, நொந்து போய் சொல்றது. குள்ளநரி வரி கொழந்தை சொல்றது, அதுல துளி கூட நக்கல் கெடையாது, அதனாலயே ஊழல் பண்ண ஆள் போட்டோவுக்கு கீழ போட்டா நக்கல் ரெண்டு மடங்கு ஆகுது. 90ஸ் கிட்ஸ் இது எங்களுதுன்னு சொந்தம் கொண்டாடறாங்க, கணக்கு பாத்தா அவங்க பாதிப் பேருக்கு சுட்டி டிவி வந்தப்ப மீசை மொளைச்சிருச்சு, தங்கச்சிக்கு தொணையா உக்காந்து பாத்தவங்க. ஒத்துக்க மாட்டாங்க.

இப்ப நெலம என்ன? வீட்டுக்கு ரெண்டு போன், ரெண்டு புள்ளை, ரெண்டு வேற வேற படம். அக்கா பாக்கறது தம்பிக்கு தெரியாது. அல்கரிதமும் திரும்பத் திரும்பத்தான் போடுது, சொல்லப்போனா டிவிய விட ஜாஸ்தி, ஆனா கூட சேந்து சொல்ல ஆள் இல்ல. அதையும் தாண்டி பரவுறது ஒண்ணு ரெண்டுதான், 2023ல யூடியூப்ல வந்த ஸ்கிபிடி மாதிரி, கழிப்பறைக்குள்ள இருந்து தலை எட்டிப் பாக்கற அந்த கண்றாவிதான், 2025ல கேம்பிரிட்ஜ் டிக்ஷனரிக்குள்ளயும் போயிருச்சு. அதுக்கு அர்த்தம் நல்லதா கெட்டதான்னு கூட முடிவில்ல, ரெண்டுக்கும் சொல்லலாமாம். நாயுடுபுரத்துல நாலாவது படிக்கற பய ஒருத்தன்கிட்ட அப்படின்னா என்னடான்னு கேட்டேன். "அதெல்லாம் சொல்ல முடியாதுண்ணே, சும்மா சொல்றதுதான்"னான். யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டதுக்கு, கிளாஸ்ல எல்லாரும் சொல்றாங்கன்னான்.